மெலிஞ்சு போன மலைப்பாம்பு

பிள்ளைகளே, பாம்புக்கு இடுப்பு இல்லை. இது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனால் அது எனக்கு ஒரு பெரிய பிரச்சினையாக வரும் என்று நான் நினைத்ததே இல்லை. மனிதன் கொழுத்தால் பெல்ட்டில் அடுத்த ஓட்டைக்குப் போகிறான். பூனை கொழுத்தால் வயிறு தொங்குகிறது. கழுத்து எங்கே முடிகிறது, வால் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத ஒரு உயிர் கொழுத்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று எதைப் பார்த்துச் சொல்வது?

சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டு ஹோலில், ரி.வி.க்குப் பக்கத்தில், ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் என் மகளின் மலைப்பாம்பு. கறுப்பு உடம்பில் மஞ்சள் பொட்டுகள் பூப்பூவாக இருக்கும். டயமண்ட் பைதன் என்பார்கள். விஷம் இல்லை. சிட்னியைச் சுற்றியுள்ள காடுகளில் இருக்கும் இனம்தான். ஆனாலும் வீட்டில் வளர்க்க லைசன்ஸ் வேண்டும். மகள் அதை முறையாக எடுத்திருந்தாள். பரீட்சைக்குப் படிக்கும்போது பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டுதான் படிப்பாள். நானும் என் மனைவியும் சமையலை விட்டுவிட்டு, குசினி வாசலில் நின்று எட்டிப் பார்ப்போம்.

படித்து முடித்ததும் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. சிட்னியிலிருந்து வெகு தூரத்தில் ஒரு சிறிய ஊர் ஆஸ்பத்திரி. ஒரு வருடம் அங்கேதான். தங்கக் கொடுத்த அறையில் பிராணி வளர்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்பா, நீங்கள் இதைப் பாப்பியள்தானே?" என்று கேட்டாள்.

"ஓம், ஓம். நீ யோசிக்காமல் போயிட்டு வா."

எலியை உறைநிலையில் கடையில் விற்பார்கள். அதை வெந்நீரில் வைத்து இளக்கி, நீளமான இடுக்கியால் பிடித்துக் காட்டவேண்டும். எல்லாம் சொல்லித் தந்தாள். "மாசத்துக்கு ஒண்டு காணும், அதுக்கு மேலை வேண்டாம் அப்பா. அது எப்பவும் பாத்துக்கொண்டுதான் இருக்கும். பாத்தா பசியெண்டு நினைக்காதேங்கோ." பிறகு சூட்கேஸைக் காருக்குள் வைத்துவிட்டு, ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பினாள். "மெலிஞ்சிட்டுதெண்டா மட்டும் இடையில ஒண்டு குடுங்கோ."

அந்தக் கடைசி வசனத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வீடுகளில் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் ஐஸ்கிறீம் இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். கறிவேப்பிலை இருக்கும், அல்லது நேற்றைய மீன்குழம்பு இருக்கும். எங்கள் கராஜில் இருந்த சின்ன பிரீசரில், ஐஸ்கிறீம் டப்பாவுக்குள், எலிகள் இருந்தன. "என்ர சட்டிக்குக் கிட்ட வந்தால் தெரியும்" என்று மனைவி சொல்லியிருந்தாள். அதனால் வெந்நீர் வைக்கப் பழைய பெயின்ட் வாளி ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டேன்.

முதலில் மனைவிக்குப் பாம்பென்றால் நடுக்கம். மகள் இல்லாத வீட்டில் அது ஒன்றுதான் அசைகிற உயிர் என்பதாலோ என்னவோ, கொஞ்சம் கொஞ்சமாக அதனுடன் கதைக்கத் தொடங்கினாள். காலையில் சாமிப் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, தேநீர்க் கோப்பையோடு வந்து கண்ணாடிக்கு முன்னால் நிற்பாள். "என்ர குஞ்சு, மெலிஞ்சு போனாய்" என்பாள். மாலையிலும் அதே பேச்சு. "பார், எப்பிடி மெலிஞ்சு போனாயெண்டு."

நான் செவன் ஹில்ஸில் ஒரு வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். விடியப் போனால் மாலையில்தான் வருவேன். பகல் முழுக்கப் பாம்பைப் பார்ப்பது மனைவி. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒருநாள் கேட்டேன்.

"உண்மையாவே மெலிஞ்சிட்டுதோ?"

அவள் என்னைப் பார்க்காமல் பாம்பைப் பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "ஓம், நல்லா மெலிஞ்சுதான் போச்சுது!" என்றாள்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? மகள் சொன்னபடி இடையில் ஒன்று கொடுத்தேன். ஒரே பாய்ச்சலில் பிடித்து விழுங்கியது. பசியில்லாவிட்டால் இப்படிப் பாயுமா? அடுத்த கிழமையும் மெலிந்துவிட்டது என்றாள். அடுத்த கிழமையும் கொடுத்தேன். இப்படியே மாதங்கள் போயின. இவ்வளவு சாப்பிட்டும் ஏன் மெலிகிறது என்று எனக்குப் பெரிய குழப்பம். வயிற்றில் பூச்சியாக இருக்குமோ என்றுகூட யோசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள். போனைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.

"அப்பா, வாட் ஹப்பண்ட்? ஏன் இவ்வளவு ஃபட்டா இருக்கு?"

"சூ!" என்று மனைவி பாய்ந்து வந்தாள். "வாயைக் கழுவு! நாவூறு பட்டிடும்."

"அம்மா, அது ஃபட். வளையிற இடமெல்லாம் மடிப்பு விழுது, பாருங்கோ."

நான் நடுவில் போனைப் பிடித்தபடி நின்றேன். "அப்ப அது மெலியேல்லையோ?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"மெலியிறதோ? உலக்கை மாதிரிக் கிடக்குது. உங்களுக்குக் கண் தெரியாதே?"

"அப்ப ஏன் நீர் ஒவ்வொரு நாளும் மெலிஞ்சு போனாய் எண்டு சொன்னீர்?"

"வேறை எப்பிடிச் சொல்லுறது? கொழுத்துப் போனாய் எண்டோ? வளர்க்கிற உயிரை ஆரும் அப்பிடிச் சொல்லுவினமே?"

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். நீங்கள் நன்றாகச் சாப்பிட்டுக் கன்னம் ஊதிப்போய் நிற்பீர்கள். யாராவது ஒரு அன்ரி வந்து, "ஐயோ, பிள்ளை மெலிஞ்சு போச்சு" என்பார். நல்லாயிருக்கிறது என்று வாயால் சொன்னால் அந்த நல்லதே கெட்டுப்போகும் என்ற பயம்தான். அதைத்தான் நாவூறு என்கிறோம். எனக்கும் இது தெரியும். ஆனால் பாம்புக்கும் அது உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை. மனைவிக்குப் பாம்பு எப்போது பிள்ளையானது என்றும் நான் கவனிக்கவில்லை.

பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டுக் கட்டி, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அந்தப் பெண் என் விரலைப் பிடித்துப் பாம்பின் முதுகில் வைத்தார். முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்படவேண்டும். தட்டுப்படவில்லை, இரண்டு பக்கமும் சதை மேடாகி, நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி இருந்தது. சுகமாக இருக்கிற பாம்பின் உடம்பு பாண் ரொட்டி மாதிரி, கீழே தட்டையாகவும் மேலே வளைவாகவும் இருக்கவேண்டுமாம். எங்களுடையது சொசேஜ் மாதிரி உருண்டுவிட்டது. இந்த இனம் மெதுவாகச் செரிக்கிற இனம். கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. ஈரலைக் கொழுப்பு மூடினால், முன்கூட்டி ஒரு அறிகுறியும் காட்டாமல், ஒருநாள் செத்துக் கிடக்கும் என்றார். அதற்காகச் சாப்பாட்டை ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது. எலியின் அளவைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டவேண்டும். ஏறி இறங்க ஒரு தடித்த கிளை வைக்கவேண்டும். எடையை நிறுத்துப் பார்த்துக்கொண்டே வரவேண்டும்.

இதை மகளுக்குச் சொன்னபோது அவள் கோபிக்கவில்லை. "நான் வாறவரைக்கும் அது இருக்குமா அப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவள் வர இன்னும் பாதி வருடம் இருந்தது.

நிறுக்கத் தராசு? ஊருக்குப் போகும்போது சூட்கேஸைத் தொங்கவிட்டு நிறுக்கும் கொளுக்கித் தராசு எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. தலையணை உறையை அதில் கொளுவினேன். உள்ளே பாம்பு அசைய, இலக்கம் மேலும் கீழும் ஆடியது. "அசையாதை குஞ்சு, அப்பா நிறுக்கிறார்" என்றாள் மனைவி. அப்பா என்று அவள் சொன்னது என்னைத்தான்.

அதன் பிறகு நடந்ததுதான் கஷ்டம். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், பாம்பு கண்ணாடியில் மூக்கு முட்ட நிற்கும். நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். பார்த்தால் பசியென்று நினைக்காதே என்றாள் மகள். நினைக்காமல் எப்படி இருப்பது? "அதுக்கு முன்னாலை சாப்பிட எனக்குத் தொண்டைக்குள்ளை இறங்குதில்லை" என்று மனைவி புட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். நானும் போனேன். சொந்த வீட்டில் பாம்புக்கு ஒளித்துச் சாப்பிட்டோம்.

குளிர் வந்தது. தராசில் நிறை இறங்கியது. எனக்கு அதுவும் குழப்பம். மெலிவது சுகத்தாலா, நோயாலா? ஒவ்வொரு முறையும் முதுகைத் தடவி, எலும்பு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் தட்டுப்பட்ட மாதிரி இருந்தது. மறுமுறை இல்லாத மாதிரி இருந்தது.

மனைவிக்கு வேறு சிக்கல். மெலிஞ்சு போனாய் என்று இனிச் சொல்ல முடியாது. சொன்னால் நான் திரும்பிப் பார்ப்பேன். கொழுத்துப் போனாய் என்று சொல்ல வாய் வராது. சில நாள் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவாள். பிறகு ஒரு காலை, தேநீரோடு கண்ணாடிக்கு முன்னால் நின்று, "இருக்கிறியே, குஞ்சு?" என்றாள். அன்றிலிருந்து அதுதான்.

மகள் வந்த அன்று ரயிலடியிலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். பையை வாசலிலேயே போட்டுவிட்டு நேரே பெட்டிக்குப் போனாள். பாம்பு கிளையின் உச்சியில் சுருண்டிருந்தது. முன்பெல்லாம் அவ்வளவு உயரம் ஏறாது. தூக்கி மடியில் வைத்து, விரலால் முதுகை மெல்லத் தடவிக்கொண்டு போனாள்.

"மெலிஞ்சிருக்கு அப்பா."

"உண்மையா மெலிஞ்சதோ, அம்மா சொல்லுற மாதிரி மெலிஞ்சதோ?"

அவள் சிரித்துவிட்டாள். "உண்மையா. வெரி குட் அப்பா. இனி இது கனகாலம் இருக்கும்."

அப்போதுதான் மனைவி குசினியிலிருந்து வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மகளை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயோ பிள்ளை, மெலிஞ்சு போனாய்!"

நானும் பார்த்தேன். முகம் வாடியிருக்கிற மாதிரியும் இருந்தது, கன்னம் பூசியிருக்கிற மாதிரியும் இருந்தது. எனக்குப் பிடிபடவில்லை. அவளைத் தலையணை உறைக்குள் விட்டு நிறுக்கவும் முடியாது. அதனால் நேரே கேட்டேன்.

"அங்கை ஒழுங்காச் சாப்பிட்டனியே?"

அவள் பாம்பைப் பார்த்துக்கொண்டு அதன் முதுகைத் தடவினாள். "நைட் ஷிஃப்ட் நாளிலை இல்லை அப்பா," என்றாள்.

ஹோலில் பாம்புக்கு முன்னாலேயே தட்டை வைத்து, மூன்று பேரும் இருந்து சாப்பிட்டோம்.