என் வாயைப் பற்றி என் தம்பியிடம் கேட்டார்கள்

நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தவர்களைப் பற்றி ரேடியோ ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வருஷம், ஃபிஜியில் எங்கள் இந்தியச் சனம் இரண்டு காரியங்களில் குறியாக இருந்தது. ஒன்று விசா வாங்குவது, இன்னொன்று பல்லைப் பிடுங்கிக்கொள்வது. சிரிக்காதீர்கள். "அங்க போய்ப் பல்லு வைத்தியம் பாத்தா கட்டுப்படியாகாது. இங்கயே எல்லாத்தையும் புடுங்கி பல்செட்டு கட்டிக்கிட்டு ப்ளேன் ஏறு" என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. நியூசிலாந்தில், ஆக்லாந்திலிருந்து என் மகனும் போனில் அதையே சொன்னான்.

நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நமாகாவில் ஒரு ஓட்டலில் துணி வெளுத்துக்கொண்டிருந்தேன். புருஷன் செத்துப்போய்ப் பல வருஷம். தம்பிதான் என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, அவன் பக்கம் திரும்பி, "எல்லாத்தையும் எடுத்துரலாமா?" என்று, ஃபிஜியில் எங்களுக்கெல்லாம் பொதுவான இந்தியில் கேட்டார். தம்பி தலையாட்டினான். ஆடிய தலை அவனுடையது, போன பல் என்னுடையது. கீழ்வரிசையில் சில பற்கள் கல் மாதிரி இருந்தன. அவற்றை விட்டுவைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நீ ஏன் கேட்கவில்லை என்று இப்போதும் சிலர் என்னை மடக்குகிறார்கள். நான் ஏன் கேட்க வேண்டும்? என்னைக் கேட்டிருக்க வேண்டியவர் அவர்.

ஈறு ஆறுவதற்குள் அந்த டாக்டரே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த இளைஞர் செட்டைச் செய்து கொடுத்தார். முதலில் மெழுகில் பல்லை அடுக்கி, நம் வாயில் வைத்துப் பார்த்து, நாம் சரி என்று சொன்ன பிறகுதான் செட்டை முடிக்க வேண்டுமாம். எனக்கு அதெல்லாம் நடக்கவில்லை. மேல் செட் எப்படியோ நின்றது. கீழ் செட் நான் வாயைத் திறந்தால் தானும் எழுந்தது. சோற்றை மெல்ல முடியாமல் விழுங்கினேன். ஈறெல்லாம் புண்.

திரும்பப் போய்க் காட்டினோம். "ஆஜிக்குப் பழகிடும்" என்றார், தம்பியிடம். ஆஜி என்றால் பாட்டி. நான் அப்போது யாருக்கும் பாட்டி இல்லை. "எப்படியும் வெளிநாடு போறாங்கதானே, மிச்சத்தை அங்க காட்டிக்கட்டும்."

வெளியே வந்ததும் தம்பி, "பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கக்கா" என்றான்.

"எந்தப் பல்லைடா?" என்றேன்.

எனக்கு அன்று கோபம் வந்தது. போகிற டாக்டருக்கு இருக்கிற நோயாளியைப் பற்றிக் கவலையில்லை. இருக்கிற டாக்டருக்குப் போகிற நோயாளியைப் பற்றிக் கவலையில்லை. நாடே மூட்டை கட்டிக்கொண்டிருந்தால் யார் யாருக்குப் பதில் சொல்வது?

தம்பி வண்டி பிடிக்கப் போயிருந்தான். வாசல் பெஞ்சில் என்னைப்போலவே கன்னம் ஒட்டிய, அந்த மண்ணின் பூர்வகுடியான ஒரு ஃபிஜிக்காரி உட்கார்ந்திருந்தாள். அந்தத் துப்பாக்கிக் கலகத்துக்குப் பிறகு அவள் சனமும் எங்கள் சனமும் முகம் பார்க்கத் தயங்கிய நாட்கள் அவை. அவளோ தயங்காமல் என் பக்கம் நகர்ந்து, எங்கள் இந்தியிலேயே கேட்டாள்.

"சரியில்லன்னு சொன்னியா?"

"தம்பி சொன்னான்."

"வாய் உன்னோடதா, அவனோடதா? நான் ரெண்டு தரம் திருப்பிக் குடுத்துட்டேன். இப்ப மூணாவது செட்டு. கேக்கறது நம்ம ஹக்கு."

உரிமை என்பதற்கு எங்கள் இந்தியில் ஹக்கு என்போம். நிலத்துக்கும் ஓட்டுக்கும் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். என் ஈறுக்கும் அது உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஈற்றுப் புண்ணைப் பார்க்க டாக்டர் அடுத்து வரச்சொன்ன நாளும் நான் விமானம் ஏற வேண்டிய நாளும் ஒன்றாக அமைந்தன. பெட்டியை வண்டியிலேயே வைத்துவிட்டு, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தம்பியைக் கதவுக்கு வெளியே நிறுத்தினேன்.

டாக்டர் கதவைப் பார்த்து, "இப்ப எப்படி இருக்காம்?" என்றார்.

"அவன் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்னைக் கேளுங்க" என்றேன்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்கு என்னவோ பல் போன பிறகுதான் சொல் வந்தது. டப்பாவைத் திறந்து, அவர் கண் முன்னால் ஒரு துண்டைக் கடித்தேன். கிழங்கோடு கீழ் செட்டும் கையில் வந்தது. அதை அவர் மேஜைமேல் வைத்தேன்.

அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கீழ் செட்டைப் புதுசாத்தான் செய்யணும். வாரக்கணக்காகும். நீங்க இன்னிக்குப் போறதா தம்பி சொன்னாரே?" என்றார்.

"போகலை."

வெளியிலிருந்து தம்பி, "அக்கா, டிக்கெட்டு!" என்று அலறினான். மகன் போனில் என்னவெல்லாம் கத்துவான் என்று எனக்குத் தெரியும். கத்தட்டும். தின்ன முடியாத வாயோடு அவன் வீட்டு மேஜையில் கஞ்சி குடித்துக்கொண்டு உட்கார நான் தயாராக இல்லை. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தேன்.

நான் நாற்காலியில் இருக்கும்போதே சாயங்காலமாகி, ஆக்லாந்து விமானம் கூரைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. அதில் என் இருக்கை காலி. சத்தம் அடங்கும்வரை காத்திருந்த டாக்டர், கதவுப் பக்கம் திரும்பாமல், என் முகத்தைப் பார்த்து, "எங்க வலிக்குது, சொல்லுங்க" என்றார்.

விரலை வைத்துக் காட்டினேன். அவர் குறித்துக்கொண்டு பேனாவை மூடப் பார்த்தார். "இருங்க, இன்னும் இருக்கு" என்றேன்.