அப்பா பார்க்காத டயர்

வாடிக்கையாளர்களுக்கு அவர் லெட்டர் அண்ணன். டயர் கடையில் இருபத்தாறு வருட வேலை. புது டயர் கேட்டு யார் வந்தாலும் முதலில் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன எழுத்து என்று பார்ப்பார். எஸ் என்றால் நூற்றெண்பது கிலோமீட்டர் வேகம் வரை. வி என்றால் இருநூற்று நாற்பது. அதற்கு மேல் போனால் டயர் சூடு தாங்காது.

அடுத்தது ஒரு கேள்வி.

"எவ்வளவு வேகத்துல போவீங்க சார்?"

"எண்பதைத் தாண்ட மாட்டேன்."

அவர் கண் ஓட்டுபவர் மேல் இருக்காது. பக்கத்து சீட்டில் இருக்கும் மனைவியைப் பார்ப்பார்.

"எண்பதா? தெரு முனை திரும்பும்போதே இவரு அவ்வளவு போவாரு!"

"சரிக்கா. கதவுச் சீட்டுல இருக்கிற எழுத்துலயே போட்டுடுவோம்."

அவருடைய மகள் பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவு என்ஜினியர். வேறு ஊருக்கு வீடு மாறும் சனிக்கிழமை, பெட்டிகள் அடைத்த காரோடு கடைக்கு வந்தாள். பின் டயர் ஒன்று கிழிந்திருந்தது. வண்டிக்கு வி வேண்டும். அந்த அளவில் கடையில் இருந்தது எஸ்தான்.

"திங்கக்கிழமை வி வந்துடும். இருந்துட்டுப் போயேம்மா."

"மதியம் வீட்டுச் சாவி வாங்கணும்ப்பா. இதையே மாட்டுங்க."

"மூணு வி, ஒண்ணு எஸ்னா வண்டி மொத்தமும் எஸ்தான். அந்த நூத்தியெண்பதும் காத்தும் பாரமும் சரியா இருந்தாத்தான். இந்த வெயில்ல, இவ்வளவு சாமானோட நூறைத் தாண்டாத. எவ்வளவுல போவ?"

"எண்பதுலப்பா."

பக்கத்து சீட்டில் துணி மூட்டை இருந்தது. அவர் மகள் சொன்னதை அப்படியே நம்பினார்.

அவள் ஒரு மணி நேரம் நூற்றெழுபதில் போனாள். டயரின் மேல்பட்டை பிய்ந்து பறந்தது. கார் சுழன்று தடுப்புச் சுவரில் உரசி நின்றது. அவளுக்கு ஒரு கீறல் இல்லை.

டயரின் ஓரம் சூட்டில் நிறம் மாறியிருந்தது. அப்பா கண்ணில் பட்டால் ஒரே பார்வையில் குட்டு வெளிப்பட்டுவிடும். இழுவை வண்டிக்காரரிடம் கொடுத்துத் தூக்கிப் போடச் சொன்னாள்.

"எண்பதுலதான்ப்பா போனேன்" என்றாள் போனில்.

"டயரை எடுத்து வை. நான் பாக்கணும்."

"தூக்கிப் போட்டுட்டாங்கப்பா."

"எண்பதுல வெடிச்சிருக்குன்னா என் கைதாம்மா தப்பு. மாட்டும்போது ஓரத்தைக் கிழிச்சிருப்பேன்."

"இல்லப்பா" என்றாள். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். ஏழு மாதத்தில் மூன்று முறை வீட்டுக்குப் போனாள். மூன்று முறையும் அவர் மண்டியிட்டு அவள் காரின் நாலு டயரையும் தடவிப் பார்த்தார். அவள் பக்கத்திலேயே நின்றாள். சொல்லவில்லை.

எட்டாவது மாதம் அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

அவருடைய சட்டையையும் சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிவரக் கடைக்குப் போனாள்.

"உன் டயர் வெடிச்சதுக்கப்புறம் உங்கப்பா ஒரு டயர்கூட மாட்டலம்மா" என்றார் முதலாளி. "காத்து மட்டும்தான் பிடிப்பாரு. 'பெத்த பொண்ணையே கொல்லப் பாத்தேன், இந்தக் கையை நம்பி யாருக்கு மாட்டுறது'ம்பாரு. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

அவள் சொன்னாள். நூற்றெழுபது. ஒரு மணி நேரம். டயரைத் தூக்கிப் போடச் சொன்னதும் தான்தான்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதை அவர்கிட்ட சொல்லியிருந்தா கண்டபடி திட்டியிருப்பாரும்மா" என்றார். "திட்டிட்டு, மறுநாள் காலைல வந்து டயர் மாட்டியிருப்பாரு."