பக்கத்து வீட்டுக் கார் பந்தயம்

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிணத்துக்கடவில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு லேத் பட்டறைக்காரர் இருக்கிறார். நல்ல உயரம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகாது. ஞாயிறு காலையில் ஆஸ்திரேலியா கார் பந்தயத்தை டிவியில் சத்தமாக வைப்பார். அவர் ஒரு கம்பெனி காரின் கட்சி. அந்த நாட்டில் வேலை செய்யும் மகன் எதிர்க்கம்பெனி காரின் கட்சி. பந்தயம் முடியும்வரை இருவரும் போனில் சண்டை போடுவார்கள். நான் சமையலறையில் இருந்தே கேட்டுச் சிரிப்பேன்.

ஒரு ஞாயிறு சத்தமே இல்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, இன்னைக்குப் பந்தயம் இல்லீங்களா?”

“இருக்குதுங்க அக்கா. எனக்குத்தான் சலிச்சுப்போச்சு. பையன் கட்சி கம்பெனி கார் செய்யறதையே நிறுத்திப்போட்டாங்க. அதுக்குப் பதிலா வேற கம்பெனி கார் வந்துதுங்க. இப்ப ஓடற ரெண்டு காருக்கும் உள்ள பாதிச் சாமான் ஒண்ணேதானுங்க. ஒண்ணு முந்துனா இன்னொண்ணைச் சமம் பண்ணி உட்டர்றாங்க. இதுல எவனைத் திட்டறது?”

“அப்பப் பையன்கிட்ட வேற ஏதாச்சும் பேசுங்க.”

“சாப்பிட்டியான்னு கேட்டேன். சாப்பிட்டேன்னான். போனை வெச்சுப்போட்டோம்.”

எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் சொன்னதைச் சரியாக எழுதினேனா என்றும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். சண்டை போடும் அளவுக்கு அந்தக் கார்களில் ஏதாவது வித்தியாசம் மிச்சமிருந்தால், நான் போய் அவரிடம் சொல்ல வேண்டும்.