ராணி கட்டிய ஏழு புடவைகள்

எங்கள் மாமா வருஷத்தில் நான்கு மாதம் ராணியாக இருந்தார். மீதி எட்டு மாதம் மீசை வளர்த்துக்கொண்டு, குத்தகை நிலத்துக்கு வாய்க்கால் தண்ணீர் வரவில்லை என்று யாருடனாவது சண்டை போட்டுக்கொண்டிருப்பார். தை பிறந்ததும் மீசை போய்விடும். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் அவர். எட்டே பேர் கொண்ட ஓர் இசை நாடகக் கம்பெனிக்கு முதலாளி. கம்பெனி என்று பெயரே ஒழிய, அதற்குச் சொந்தமாக ஒரு திரையும், ஒரு ஆர்மோனியமும், பல் விழுந்த ஒரு கிரீடமும்தான் இருந்தன.

ராணிக்குப் புடவைகூடக் கிடையாது. அதில்தான் மாமாவின் சாமர்த்தியம். நாடகம் போடுகிற ஊரில் வீடு வீடாகப் போய்ப் பட்டுப்புடவை இரவல் கேட்பார். பெட்டிக்குள்ளேயே கிடக்கிற புடவை மேடையேறி ஊரே பார்க்கப்போகிறதென்றால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? புடவை கொடுத்த வீட்டில் அதைப் பார்ப்பதற்காகவே குஞ்சு குளுவான் வரை கிளம்பி வருவார்கள். நடிகர்களில் ஒருவரைக் கூட்டிப்போய்ச் சோறு போடுவார்கள். அறுப்பின்போது கம்பெனிக்கென்று களத்தில் ஒரு மரக்கால் நெல் ஒதுக்குவார்கள். கம்பெனி பிழைத்தது இப்படித்தான். எந்தத் தெருவுக்கும் மனக்குறை வரக் கூடாது என்பதால் எங்கள் ராணி ஒரு நாடகத்தில் ஏழு புடவை மாற்றுவாள். நாட்டை இழந்து காட்டில் கிழங்கு தோண்டும்போதும் மடிப்புக் கலையாத புதுப் பட்டில்தான் தோண்டுவாள். இதையெல்லாம் எங்கள் ஊரில் யாரும் தப்பாக நினைத்ததில்லை.

பாட்டில்தான் ஊர் விட்டுக்கொடுக்காது. தாத்தா காலத்திலிருந்து ஒரே நாடகம் என்பதால் எல்லாருக்கும் மனப்பாடம். மாமா ஒரு சொல் தடுமாறினால் கூட்டத்திலிருந்து நாலு குரல் எடுத்துக்கொடுக்கும். அதில் முதல் குரல் எப்போதும் பண்ணை வீட்டு அம்மாவுடையது.

எனக்கு எட்டு வயதான வருஷம் குறுவை அறுப்புக் கூலியில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டு ஊர் இரண்டாகிவிட்டது. கொடி நட்டார்கள், பிடுங்கினார்கள், மறுபடி நட்டார்கள். பண்ணையின் வைக்கோல் போர் ஒன்று எரிந்துபோனது. கூலிக்காரர் சங்கத்தில் இருந்த அப்பா மேல் பண்ணையில் வழக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கே அப்பா ஊரை விட்டுப் போய்விட்டார். போலீஸ் தேடுவது ஊருக்கே தெரியும். என்னிடம் மட்டும், வேதாரண்யத்தில் உப்பளத்து வேலைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். நானும் நம்பினேன். வருகிறபோது எனக்கென்று தனியாக ஒரு பை உப்பு கொண்டுவருவார் என்றுகூடத் தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் போன மறு மாதம் தம்பி பிறந்தான். அப்பா அவன் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

அப்படிப்பட்ட வருஷத்தில் நாடகம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு வருஷம் விட்டால் ஊர் நம்மை மறந்துவிடும் என்பது மாமாவின் பயம். இரண்டு பக்கமும் போய் நின்றார். பண்ணை வீட்டில் மயில் கழுத்துப் பட்டு கொடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டதும் தெற்குத் தெருவில், கூலிக்காகக் கொடி பிடித்தவர்கள் வீட்டிலிருந்து, முதல்முறையாக ஒரு புடவை வந்தது. போலீஸ் இன்ஸ்பெக்டர் மட்டும், இருட்டியபிறகு கூட்டம் சேரக் கூடாது, விளக்கு வைப்பதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்றார். ஆக அந்த வருஷம் எங்கள் ராணி பட்டப்பகலில் அழ வேண்டியதாயிற்று.

ஆற்றங்கரைக் களத்தில் மேடை போட்டார்கள். மாசி வெயில். அறுத்த வயலெல்லாம் பயறு முளைத்துப் பச்சை பிடித்திருந்தது. மேடை ஆற்றைப் பார்த்து இருந்ததால், சனங்கள் ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு கயிறு, இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி. எதிர்க்கரைத் தென்னந்தோப்பு வெயிலில் அசைந்து அசைந்து தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருந்தது. இன்றைக்கும் அந்த நாளை நினைத்தால் முதலில் வருவது அந்த வெளிச்சம்தான். முகத்தில் அரிதாரம் பூசியவர்களும் பூசாதவர்களும் ஒன்றுபோல மின்னினார்கள்.

மேடைக்குப் பின்னால் கீற்று மறைப்பில் ஒரு கொடி கட்டி, ஏழு புடவைகளையும் கட்டவேண்டிய வரிசையில் தொங்கவிட்டிருந்தார் மாமா. முதல் இடத்தில் அம்மாவின் மாம்பழ நிறப் பட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாளுக்கு முன்னால் அம்மா மாமாவிடம், "அவங்க வந்தா புள்ளையப் பாத்துட்டுப் போயிடுவாங்க அண்ணே" என்று சொன்னதைக் கேட்டிருந்தேன். உப்பளத்திலிருந்து லீவில் வருகிற அப்பா கண்ணில் முதலில் அம்மா புடவை படவேண்டும் என்பதுதான் அப்போது என் பெரிய ஆசை.

நாடகம் தொடங்கச் சற்று முன்பு அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு மறைப்புக்குள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, மூணு பேரு புதுசா வந்து குந்தியிருக்காங்க. என்னுதைக் கடைசியா கட்டிக்குங்க" என்றாள். மாமா உடனே மாம்பழப் பட்டை எடுத்துக் கொடியின் கடைசியில் போட்டார். பண்ணை வீட்டு மயில் கழுத்து முதலிடத்துக்கு வந்தது.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா பயந்து விட்டுக்கொடுக்கிறாள், மாமா பண்ணைக்குக் காக்காய் பிடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். அந்த வருஷம் எங்கள் ஊரில் நியாயம் கேட்டு எத்தனையோ பேர் கிளம்பினார்கள், அவர்களில் நானும் ஒருத்தி. மாமா முகத்தில் பொட்டு வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இரண்டு புடவைகளையும் இடம் மாற்றிவிட்டு வெளியே ஓடிப்போய் மேடையின் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

மாமாவுக்குப் புடவை கட்டிவிடுகிறவர் ஒரு கிழவர். கண்ணில் புரை. கையில் அகப்பட்டதை வரிசைப்படி உருவிக் கட்டிவிடுவார். அவர் கட்டத் தொடங்கியதுமே மாமா கண்ணை மூடிக்கொண்டு தன் தகப்பனாரை நினைத்துக் கும்பிடுவது வழக்கம். அப்படியே கும்பிட்டபடிதான் வெளியே வந்தார்.

மாம்பழப் பட்டு வெயிலில் எரிந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை தெரிந்திருக்கும். மாமா கண்ணைத் திறந்தார், குனிந்து தன் உடம்பைப் பார்த்தார், நிமிர்ந்து ஆற்றைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். தலையில் வைக்கோல் கட்டோடு ஒரு ஆள் தோப்பிலிருந்து இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்துகொண்டிருந்தான்.

போருக்குப் போன ராஜாவை ராணி கூப்பிடுகிற பாட்டு அது. 'ஆறு கடந்து வாரும் மன்னவா' என்று எடுக்க வேண்டும். மாமா 'ஆறு கடந்து வாராதீர் மன்னவா' என்று எடுத்தார். ஆர்மோனியம் ஒரு கணம் நின்றே போயிற்று. மாமா விடவில்லை. வாராதீர், வாராதீர் என்று அவ்வளவு உச்சத்தில், தொண்டை கிழியப் பாடினார். கண்ணிலிருந்து நீர் அரிதாரத்தைக் கரைத்துக்கொண்டு ஓடியது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எடுத்துக்கொடுக்கப் போகிறார்கள் என்று கூட்டத்தைப் பார்த்தேன். கயிற்றுக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, யாரும் வாய் திறக்கவில்லை. பண்ணை வீட்டு அம்மா என் அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்துக்கொண்டு வெற்றிலையை மெல்ல மடித்தார். தன் மயில் கழுத்து முதலில் வரவில்லையே என்றும் கேட்கவில்லை. ஊருக்குப் புதிதாக வந்த அந்த மூன்று பேர் மட்டும் தாளம் போட்டு ரசித்தார்கள்.

வைக்கோல் கட்டுக்காரன் நடு ஆற்றில் நின்றுவிட்டான். வெகுநேரம் நின்றதுபோல இருந்தது. அப்போது கடைசியில் நின்றிருந்த அம்மா, தம்பி அழுதானோ என்னவோ, அவனை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள். எல்லாரும் பிள்ளைகளை மேடையைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தால், அம்மா ஆற்றுப் பக்கம் திருப்பித் தூக்கினாள். ராணியைக் காட்டாமல் வெறும் தண்ணீரைக் காட்டுகிறாளே என்று எனக்கு அதுவும் சிரிப்பாக இருந்தது. வைக்கோல் கட்டு மெல்லத் திரும்பி, வந்த வழியே தோப்புக்குள் போனது. பாட்டுப் பிடிக்காமல் பாதியில் திரும்பிப் போகிற முதல் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஆறு புடவைகளும் மேடையேறின. விளக்கு வைக்குமுன் நாடகம் முடிந்தது. இரண்டு கட்சியும் தனித்தனியாக வீட்டுக்குப் போயின. ஆனால் அடுத்த அறுப்பில் இரண்டு பக்கத்துக் களத்திலும் கம்பெனியின் மரக்கால் தவறாமல் ஒதுக்கப்பட்டது.

வழக்கு தள்ளுபடியாகி அப்பா வீட்டோடு வந்துசேர்ந்த பிறகும் யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான், அந்த மாம்பழப் பட்டை என் மடியில் வைத்து அம்மா சொன்னாள். ராணி முதலில் அதைக் கட்டி வந்தால் அப்பா ஆற்றைக் கடக்கலாம். வேறு புடவையில் வந்தால் கடக்கக் கூடாது. அதுதான் அவர்கள் சொல்லி வைத்திருந்த அடையாளம். புதிதாக வந்த மூன்று பேரும் சட்டை மாற்றிய போலீஸ்காரர்கள். கிழவர் கண் தெரியாமல் குழப்பிவிட்டார் என்று நினைத்து, மாமா அடுத்த மாதமே அவரைத் திருவாரூருக்குக் கூட்டிப்போய்க் கண் ஆபரேஷன் செய்துவைத்தாராம். குழப்பியது நான்தான் என்று அன்றைக்கு அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா என் தலையைத் தடவினாள், திட்டவில்லை.

ஆனால் நாடகம் நடந்த அன்று மாலை எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மாமா திருப்பிக் கொடுத்த புடவையை அம்மா மடிக்காமல் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் அரிதாரம் அங்கங்கே ஒட்டியிருந்தது. அப்பா வரவே இல்லையே என்று நான் சிணுங்கினேன்.

"வந்துட்டுத்தான் போனாங்க. தம்பியையும் பாத்துட்டாங்க" என்றாள்.

என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறாள், பாவம் என்று நினைத்தேன். அவளை மன்னித்து, அவள் மடியிலேயே தூங்கிப்போனேன்.