பாலூட்டும் தாய்மாருக்கு மட்டும்

வறுத்த மாவில் வெந்நீர் விட்டு, வெல்லத்தைத் தட்டிப் போட்டுப் பிசையும்போது எழும்புகிற அந்த இனிப்பு வாசம் இப்போது எந்த வீட்டிலிருந்து வந்தாலும் எனக்கு முதலில் எச்சில் ஊறும்; அடுத்த நொடியே என் மேல் எனக்கு எரிச்சல் வரும்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் ஓயாத எங்கள் தெருவில், தம்பி பிறந்தான். அம்மாவைப் பார்த்துக்கொள்ள என்று புளியங்குடியிலிருந்து அப்பாவின் அக்கா வந்து இறங்கினாள். பார்த்துக்கொண்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, காவல் காத்தாள். “பிள்ள பெத்தவ வாயக் கட்டணும்” என்பது அவள் சட்டம். மீன் தின்றால் பிள்ளைக்குக் கரப்பான் புண் வருமாம், கீரை தின்றால் வயிற்றால் போகுமாம், தண்ணீர் அதிகம் குடித்தால் சளி கட்டுமாம். பிரியாணி தின்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வருகிற ஊரில் என் அம்மா பூண்டு ரசமும் ஒரு கைப்பிடிச் சோறும் தின்றாள், அதுவும் எல்லாரும் தின்று எழுந்த பிறகு. நாற்பது நாளில் முடிய வேண்டிய “பத்தியம்” நாலாவது மாதமும் முடியவில்லை. அம்மாவின் பங்கு மீன் அப்பாவின் தட்டில் விழுந்துகொண்டிருந்ததால் அதை முடித்துவைக்கும் அவசரம் யாருக்கும் இல்லை.

அப்போதுதான் “பால்வாடி” டீச்சர் சத்துமாவுப் பாக்கெட்டை என்னிடம் கொடுத்து, அம்மாவுக்கு மட்டும் கொடு என்று சொல்லி அனுப்பினார். பாக்கெட்டிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அத்தைக்குப் படிப்பு கிடையாது. ஆனால் சர்க்கார் சமாச்சாரம் என்றால் கொஞ்சம் பயம் உண்டு. “ஏட்டி, யாருக்குன்னு போட்டுருக்கு?” என்று கேட்டாள். உள்ளதைச் சொல்லியிருந்தால் அந்தப் பயத்துக்காகவாவது அம்மாவுக்குக் கொடுத்திருப்பாள். நான் வழியிலேயே பாக்கெட்டைப் பிரித்து ஒரு வாய் அள்ளிப் போட்டிருந்தேன், அந்த ருசி நாக்கிலேயே இருந்தது. “வீட்ல உள்ள எல்லாருக்கும்னு போட்டுருக்கு அத்தை” என்றேன்.

அன்று முதல் மாவுருண்டை அப்பாவுக்கு நாலு, அத்தைக்கு இரண்டு, எனக்கு இரண்டு. அம்மாவுக்குப் பத்தியம்.

தம்பி மாரில் வாய் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீறிடுவான். “மாருல பாலு இல்லாதவளப் பாத்து என் தம்பி கெட்டிக்கிட்டு வந்திருக்கானே” என்று அத்தை தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அப்பா, அந்த வீட்டின் பெரிய மனிதர், நாலாவது உருண்டையை மென்றுகொண்டிருந்தார். கடைசியில் தம்பி துவண்டுபோக, தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். “பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுதீயளே, இவ வயித்துக்கு என்ன கொடுத்திய?” என்று அத்தையைப் பிடித்து ஏசினார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தம்பி பிழைத்தான், ஆனால் வகுப்பில் எப்போதும் முதல் வரிசையில் நிற்கிற உயரந்தான் அவனுக்கு வாய்த்தது.

இப்போது தெருவில் பாதித் தறி ஓடுவதில்லை. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை, முன்பற்கள் நாலு இல்லை. நான் பிள்ளை பெற்று வந்து படுத்திருக்கிறேன்; எனக்கு வந்த சத்துமாவை அம்மா பிசைந்து உருட்டிக்கொண்டிருந்தபோது, இருபது வருஷமாக அடக்கி வைத்திருந்த பொய்யைச் சொல்லிவிட்டேன்.

“தெரியும்ட்டி” என்றாள் கையை நிறுத்தாமல். “டீச்சர் எங்கிட்டயும் சொல்லியிருந்தாவ. நீயும் பசிச்ச பிள்ளதான, தின்னுட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்.”

இதைத் தாயன்பு என்று யாராவது என் முன்னால் மெச்சினால் நல்லா வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அன்றைக்கே என் முதுகில் ஒன்று வைத்துப் பாக்கெட்டைப் பிடுங்கியிருக்க வேண்டாமா அவள்?

ஒரு உருண்டையை எடுத்து அவள் கையில் திணித்தேன். பாதியைப் பிட்டு என் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

“முழுசாத் தின்னும்மா” என்று கத்தியதில் பிள்ளை முழித்துக்கொண்டது. அவள் விழுங்கி முடிக்கும்வரை, அன்றைக்கு அத்தை உட்கார்ந்திருந்ததைப் போலவே, எதிரே உட்கார்ந்து காவல் காத்தேன்.