சவர்க்காரத் தண்ணீரும் லியோங்கின் மீன்களும்

நிலக்கரித் தூள் தண்ணீரில் நனையாது என்பது ஆம்புரோசுக்கு நாற்பத்து நான்காம் வயதில்தான் தெரியவந்தது. அதுவரை அவர் பிழைப்பில் கரி இல்லை. பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே ரப்பர் ஸ்டோரில் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைக்கும் வேலையைப் பதினாறு வருஷம் செய்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, மனைவி டோரிசையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்கு வந்து, சுண்ணாம்பு மலையடியில் வாடகை வீடு பிடித்தார். ஊருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்தது. எண்ணெய் விலை ஏறிப்போக, 1982இல் ஆலைக்காரர்கள் சூளையில் நிலக்கரி எரிக்கத் தொடங்கினார்கள். ஆம்புரோசைக் கரிச்சுரங்கத்துக்கு மாற்றினார்கள்.

சுரங்கம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அங்கே யாரும் கரி வெட்டவில்லை. தகரக் கொட்டகைக்குள் குன்றுபோல் குவித்த கரிக்கு அடியில் நூற்றிருபது அடி நீளத்துக்கு ஒரு காங்கிரீட் குகை. கூரையிலுள்ள திறப்புகள் வழியாகக் கரி இறங்கி, கீழே ஓடும் பெல்ட்டில் விழும். விழும் இடத்திலெல்லாம் தூள் எழும்பி, எதிரே நிற்கும் ஆளை மறைக்கும். ஆம்புரோசும் அவருடைய கூட்டாளி சன்னாசியும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பெல்ட்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் ஆம்புரோசுக்கு இருமல் நிலைத்துவிட்டது. தூளை விட்டு விலகு, இல்லாவிட்டால் வேலையை விடு என்றார் டாக்டர். நாலாம் வகுப்புப் படித்தவருக்கு ஆலையில் வேறு வேலை இல்லை.

ஆலைக்காரர்கள் குழாய் போட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். துளிகள் தூளின் மேல் உருண்டு ஓடின. தூள் தூளாகவே இருந்தது. அதிகம் தெளித்தால் ஈரக் கரி பெல்ட்டில் ஒட்டியது, சூளையில் நெருப்பு மட்டுப்பட்டது. பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு மருந்து வந்தது. அதில் கொஞ்சம் கலந்தால் அதே தண்ணீர் தூளுக்குள் இறங்கி அதைப் படிய வைத்தது. மூன்று வாரம் சுரங்கத்தில் கண் திறந்து நடக்க முடிந்தது. நான்காம் வாரம், ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டையில் மீன் வளர்க்கும் லியோங் ஒரு கூடை செத்த மீனோடு ஆலை வாசலில் வந்து நின்றார். சுரங்கத்துத் தண்ணீர் கால்வாய் வழியாக அவர் குட்டைக்குத்தான் போகிறது. குட்டையின் மேல் ஒரு முழம் நுரை நின்றது.

மருந்தை நிறுத்திவிட்டார்கள். சுரங்கத்துக்குப் பொறுப்பான போர்மேன் பழனியப்பன் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "குழாயைக் கழட்டி கிரஷர் பக்கம் மாட்டப் போறாங்க. நீங்க துணியை நல்லா கட்டிக்குங்கலா."

"மீனுக்கு ஒண்ணும் ஆகாத மருந்து கெடைச்சா?" என்றார் ஆம்புரோஸ்.

"யாரு கண்டுபிடிப்பா? நீயா?"

"ரெண்டு வாரம் குடுங்கண்ணே."

பழனியப்பன் சிரித்தார். ஆனாலும் குழாயைக் கழற்ற ஆள் வர இரண்டு வாரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

ஆம்புரோஸ் கொஞ்சம் கரித்தூளைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அடுப்படி ஜன்னலில் கண்ணாடிப் போத்தல்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை தூவினார். வெறும் தண்ணீரில் தூள் மறுநாள்வரை மிதந்தது. முதலில் சீயக்காய் கரைத்துப் பார்த்தார். பத்து எண்ணுவதற்குள் தூள் அடியில் கிடந்தது. லியோங்கிடமே நாலு சின்ன மீன் வாங்கி வந்து, ஒரு வாளியில் சீயக்காய்த் தண்ணீர் ஊற்றி விட்டார். சாயங்காலத்துக்குள் நாலும் மல்லாந்துவிட்டன.

"தலைக்குத் தேய்க்கிறதை மீனுக்குக் குடுத்தா அது என்ன செய்யும்," என்றாள் டோரிஸ்.

அடுத்து, அவள் துணி துவைக்கும் நீட்டுச் சவர்க்காரம், தேங்காயெண்ணெயில் காய்ச்சியது. துவைக்கும் இடத்திலிருந்த பீப்பாயில் தண்ணீர் மொண்டு, நகத்தளவு சீவிக் கரைத்தார். தூள் உடனே இறங்கியது. மறுநாள் காலை இரண்டு கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். சுரங்கத்துத் தொட்டியில் கரைத்து, சன்னாசியைக் குழாய் திறக்கச் சொன்னார்.

கால் மணி நேரம் தெளித்தது. பிறகு ஒவ்வொன்றாக முப்பத்திரண்டு குழாய்முனையும் அடைத்துக்கொண்டன. தொட்டி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திரிந்து கிடந்தது.

பழனியப்பன் வந்து எட்டிப் பார்த்தார். "தயிர் கடையவா வந்தே?"

"மச்சான், மோர்மிளகா இருந்தா சாப்பாட்டை இங்கேயே முடிச்சிரலாம்," என்றான் சன்னாசி.

பெல்ட்டை நிறுத்திவிட்டு இருவரும் மத்தியானம்வரை ஊசியால் குழாய்முனைகளைக் குத்தி எடுத்தார்கள். ஒரு முனையிலிருந்து வந்த வெள்ளைக் கட்டியை ஆம்புரோஸ் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பதினாறு வருஷம் பால் திரிவதைப் பார்த்த கை அது. ரப்பர்ப் பாலில் ஆசிட் செய்ததை இங்கே ஆலைத் தண்ணீரில் இருக்கும் ஏதோ ஒன்று செய்திருக்கிறது. ஆனால் வீட்டுப் போத்தலில் ஏன் திரியவில்லை?

வீட்டில் போய்க் கேட்டபோது டோரிஸ் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "இது மலையடி. கெணத்துத் தண்ணியில சவுக்காரம் போட்டா திரியும்னு தெரியாதா? நான் எதுக்குப் பத்து வருஷமா ரெண்டு பீப்பாயில மழைத்தண்ணி பிடிக்கிறேன்? உங்க கோயில் சட்டை சும்மாவா வெள்ளையா இருக்கு?"

பத்து வருஷமாக அந்தச் சட்டையைப் போட்டவர், வெளியே போய் இரண்டு பீப்பாயையும் எட்டிப் பார்த்தார்.

கரிக்கொட்டகையின் தகரக் கூரையிலிருந்து ஒரு வாய்க்கால் இறக்கி, ஒதுக்கிப் போட்டிருந்த இரண்டு தொட்டிகளில் மழைநீரைச் சேர்த்தார். ஈப்போ மழை அதற்குக் குறை வைக்கவில்லை. பத்தாம் நாள் மறுபடி தெளித்தார்கள். முனை அடைக்கவில்லை, தூள் படிந்தது. சன்னாசி முகத்துணியை அவிழ்த்து ஒரு முறை மூச்சு இழுத்துப் பார்த்தான்.

பாக்கி இருந்தது மீன். மழைநீரில் கரைத்த சவர்க்காரத்தில் விட்ட மீன், செத்துப்போகாவிட்டாலும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆம்புரோஸ் அதை எடுத்து வேறு வாளியில் விட்டார். அப்புறம் அந்தச் சவர்க்காரத் தண்ணீரில், மலையடியிலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீரை நாலு பங்கு ஊற்றினார். உடனே திரிந்தது. திரிந்த கட்டியைத் துணியில் வடித்துவிட்டு, அதே மீனை விட்டார். அது வாளியைச் சுற்றி வந்தது. குழாயை அடைத்த அதே திரிதல், கால்வாயில் நடந்தால் சவர்க்காரத்தைக் குட்டைக்குப் போகவிடாமல் பிடித்துவிடும்.

ரப்பர் ஸ்டோரில் பால் துண்டு துண்டாக உறைய, தொட்டிக்குள் தகடுகளைச் செருகுவார்கள். அதுபோலக் கால்வாயில், சுரங்கத்துத் தண்ணீரும் மலைத் தண்ணீரும் சேரும் இடத்துக்குக் கீழே, மூன்று பலகைகளை மாற்றி மாற்றிச் செருகினார். கட்டி பலகைகளில் தேங்கியது. அதை வாரிக் குழியில் போட்டு மண் மூடினார்கள். இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது மண்ணும் புழுவும்தான் இருந்தன.

ஆனால் பதினாலாம் நாள், பலகைகள் மீனைக் காப்பாற்றுமா என்று யாருக்கும் தெரியாது. குழாயைக் கழற்ற இரண்டு பேர் வந்துவிட்டார்கள். பழனியப்பன் அவர்களை நிறுத்தி வைத்துவிட்டு லியோங்கை வரச் சொன்னார். லியோங் ஆம்புரோசின் வாளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் குட்டையிலிருந்து ஆறு மீனை வலைக்கூடையில் கொண்டுவந்து, பலகைகளுக்குக் கீழே கால்வாயிலேயே கட்டித் தொங்கவிட்டார். "மூணு நாளு," என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

மூன்று நாளும் சுரங்கத்தில் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். ஆம்புரோஸ் சாப்பாட்டு நேரத்தில் கால்வாயோரம் போய் நின்றார். நாலாம் நாள் காலை லியோங் கூடையைத் தூக்கி எண்ணினார். ஆறும் துள்ளின. ஒன்றை எடுத்துச் செவுளைத் திறந்து பார்த்தார்.

"போலேலா," என்றார். ஆகட்டும் என்று அர்த்தம். மீன்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

பழனியப்பன் ஆட்களைப் பார்த்தார். "குழாய் இங்கேயே இருக்கட்டும். கிரஷருக்குப் புதுசு வாங்கச் சொல்லு."

ஆம்புரோசின் இருமல் முழுதாகப் போகவில்லை; கூடவும் இல்லை. ஏழு வருஷம் அதே சுரங்கத்தில் வேலை பார்த்தார். சனிக்கிழமைதோறும் பலகைகளைச் சுரண்டுவது அவர் வேலை. மறுவருஷம் பிப்ரவரியில் இரண்டு வாரம் மழை இல்லாமல் தொட்டிகள் வற்றியபோது, ஆலை லாரி எடுத்துக்கொண்டு வந்து டோரிசின் இரண்டு பீப்பாயையும் மழைநீரோடு ஏற்றிப் போனார். டோரிஸ் அந்த வாரம் கிணற்றுத் தண்ணீரில் துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் பழுப்பேறிய சட்டையோடு கோயிலுக்குப் போய், வழக்கமாக உட்காரும் முன்வரிசையிலேயே உட்கார்ந்தார்.