இருபதில் ஒரு சிவப்பு

எப்போதும் தோற்கும் சாஃப்ட்வேர் டெஸ்ட்டைச் சமாளித்துவிடலாம். இஷ்டப்பட்டபோது மட்டும் தோற்கும் டெஸ்ட்தான் எங்கள் தொழிலில் உயிரை வாங்கும். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் காணாமல் போகிற இருமலால் அவதிப்பட்டவர்களே, நீங்கள் என் கட்சி.

மறுபடி ஓட்டினால் போச்சு

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸ். கீழே இருக்கும் அந்தக் கம்பெனிக்காகவே ஒரு வெப்சைட் செய்துகொண்டிருந்தோம். ஆர்டர் நம்பரைக் கொடுத்து பட்டனை அமுக்கினால், அட்டைப்பெட்டியில் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கரை சர்வரில் இருக்கும் ஸ்கிரிப்ட் என்கிற குட்டி புரோகிராம் தயார் செய்து தரும். அந்தப் பட்டனைத் தானாகவே அமுக்கி, வரும் ஸ்டிக்கரைச் சரிபார்க்க ஒரு டெஸ்ட் எழுதியிருந்தேன். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு.

இருபது முறை ஓட்டினால் பத்தொன்பது பச்சை, ஒன்று சிவப்பு. கூட வேலை பார்க்கும் ஜெபா திருநெல்வேலிக்காரன், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டான். "யக்கா, டெஸ்ட்டுதான் கோட்டி புடிச்சுக் கெடக்கு. இன்னொரு தடவ ஓட்டுங்க, பாஸாயிரும்லா." கோட்டி என்றால் அவன் ஊரில் பைத்தியம்.

முதலாளி மாடிக்கு வந்தார்

கம்பெனி முதலாளி கந்தசாமி வந்து பார்த்தபோது டெஸ்ட் வரிசையாகப் பச்சை காட்டியது, அத்தனை நல்ல பிள்ளை. பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. இருபதில் ஒன்று சிவப்பு வருவதைச் சொல்லிவிட்டேன். ஜெபா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். கந்தசாமி சிரிக்கவில்லை. "ஒரு பொட்டியில ஸ்டிக்கர் மாறுனாலும் சரக்கு வாங்கற பையர் லோடையே திருப்பிருவானுங்க அம்மிணி. வெள்ளிக்கெழமக்குள்ள சரி பண்ணுங்க, இல்லீன்னா பழையபடி கையிலயே எழுதிக்கறமுங்க."

கட்டிங் மேசை

கையால் எழுதினால் எங்களுக்கு அங்கே வேலையில்லை. பயந்தேன்தான், ஆனால் கண்டுபிடித்துவிடுவேன் என்பதில் சந்தேகமே இல்லை. டெஸ்ட் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். சர்வரை அணைத்துப் போட்டேன். சிவப்பு போகவில்லை. சிவப்பு வரும்போதெல்லாம் ஜெபாவும் தன் கம்ப்யூட்டரில் வேறொரு ஆர்டர் நம்பரைக் கொடுத்து அதே டெஸ்ட்டை ஓட்டிக்கொண்டிருந்தான் என்பது புதன்கிழமை பிடிபட்டது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

டீ குடிக்கக் கீழே இறங்கினேன். கட்டிங் மேசையில் ருக்மணி அக்கா வெட்டிய துணி ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே நீலம்தானே, எதற்கு இந்தப் பாடு என்றேன். கையை நிறுத்தாமலே சொன்னார்: "ஒரே மேசையில ரெண்டு பேரு வெட்டிக் குமிக்கறமுங்க. நம்பர் ஒட்டலீன்னா யாருது எதுன்னு எப்படிங்க தெரியும்?"

வெள்ளிக்கிழமை

டீயை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். யார் அமுக்கினாலும் ஸ்கிரிப்ட் ஒரே பெயருள்ள ஒரே ஃபைலில்தான் ஸ்டிக்கரை எழுதிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஒரே நொடியில் அமுக்கினால், ஒருவருடையது அழிந்து மற்றவருடையது அங்கே இருக்கும். அப்படி எழுதிய மகராசி நான்தான். ஒவ்வொரு அமுக்கலுக்கும் தனி நம்பர், தனி ஃபைல் என்று மாற்றினேன். வியாழன் முழுக்க நானும் ஜெபாவும் சேர்ந்தே ஓட்டினோம். ஒரு சிவப்புகூட இல்லை.

வெள்ளிக்கிழமை கந்தசாமி தன் ஆட்கள் இருவரை ஒரே நேரத்தில் அமுக்கச் சொன்னார். இரண்டு ஸ்டிக்கரும் சரியாக வந்தன. டெஸ்ட்டில் கோளாறே இல்லை, தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் சொன்னார்: "அடுத்த ஆர்டருக்கும் அந்த டெஸ்ட்டக் கூட்டிட்டு வாங்க அம்மிணி, நீங்க வராட்டியும் பரவால்லீங்க."

கோட்டி என்று நாங்கள் திட்டிய டெஸ்ட்டுக்கு இப்போது அந்தக் கம்பெனியில் என்னைவிட மரியாதை அதிகம், நானும் வெட்கமில்லாமல் அதன் பெயரைச் சொல்லித்தான் பிழைக்கிறேன்.